பயப்படுகிறவனைத் திறமையில்லாதவன் என்று சொல்லாதீர்கள்

முகநூலில் எந்தப் பதிவைப் பற்றிச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். திறமை இருப்பவனுக்கு வேலை போய்விடுமோ என்ற பயமே வராது என்கிறது அது. நேற்று இரவிலிருந்து மனசு ஆறவில்லை.

வேலை போனால் அடுத்த மாதம் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் அந்தப் பயம் வருகிறது. திறமைக்கு அதில் என்ன வேலை?

டென்மார்க்கில் ஆளை வேலையிலிருந்து நீக்குவது சுலபம். ஆனால் வேலையின்மைக் காப்பீட்டில் சேர்ந்தவருக்குப் பழைய சம்பளத்தில் 90 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்குள், இரண்டு வருடம் உதவித்தொகை உண்டு. 12 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஓர் ஆய்வும் இதைத்தான் சொன்னது: ஆளை எளிதில் நீக்க விடாமல் சட்டம் கடுமையாக இருக்கும் நாடுகளில் தொழிலாளிக்கு நிம்மதி குறைவு, உதவித்தொகை தாராளமாக இருக்கும் நாடுகளில் நிம்மதி அதிகம். டென்மார்க்காரன் எல்லாரையும் விடத் திறமைசாலி என்றா இதற்கு அர்த்தம்?

சரி, திறமைசாலிகளையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் வெளிநாட்டவர்கள் சிறப்புத் தகுதிக்காகவே எடுக்கப்பட்டவர்கள். வேலை போனால் அவர்களுக்கு அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு வேலையோ வேறு விசாவோ கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள், பயப்படாதே என்று.

'உதவித்தொகை கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள்' என்று கமெண்டில் வருவீர்கள். வேலை தேடிக்கொண்டே இருந்தால்தான் டென்மார்க்கில் அந்தப் பணம். அதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. 'நான் உழைத்து முன்னேறினேன்' என்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் இருந்தார். எங்கள் எல்லாருக்கும் சந்தேகம் தீர்த்து வைப்பவர். ஒரு திங்கட்கிழமை காலை வாசலில் கதவைத் திறக்கும் அட்டையை வைத்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது முறை வைக்கவில்லை, ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டார். எனக்குப் பச்சை எரிந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த 'அப்பாடா'வை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அப்புறம் அங்கே இருந்தவரை தினமும் காலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அட்டையை வைத்தேன். அவருக்கு என்ன திறமை குறைந்தது? எனக்கு என்ன கூடியது?

அந்தப் பதிவுக்கு என் நட்புப் பட்டியலிலிருந்து பதினோரு பேர் இதயம் போட்டிருக்கிறீர்கள். அதில் இரண்டு பேர் அன்று அதே வாசலில் எனக்குப் பின்னால் நின்றவர்கள். அவரும் முகநூலில்தான் இருக்கிறார்.