நாற்காலிக்குப் போனவராம்!

சனிக்கிழமை கூடைப்பந்து லைவில் ஒருவர் பேசியதைப் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள், மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். “சி.எம். நியூட்டனா? கோச்சாக ஒரு என்.சி.ஏ.ஏ. கோப்பைகூட ஜெயிக்காமல் டைரக்டர் நாற்காலிக்குப் போனவர்தானே.” கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். தெரியாதவர்களுக்கு: நியூட்டன் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக் கோச், பிறகு கென்டக்கி பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை டைரக்டர். என்.சி.ஏ.ஏ. கோப்பை என்பது அங்கே கல்லூரி அணிகளின் தேசியப் பட்டம். நான் அங்கேயே பதில் எழுதினேன். “டென்ஷன் ஆகாதீங்க ப்ரோ” என்று ஒரு ஸ்மைலி வந்தது. ஆகவில்லை ப்ரோ, நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

கோச்சாகக் கோப்பை இல்லை, உண்மை. ஆட்டக்காரராக 1951இல் அடால்ஃப் ரப் கோச்சாக இருந்த கென்டக்கி அணியில் இருந்து வாங்கியது இருக்கிறது, அதை விடுங்கள். 1968இல் அவர் கோச்சாகப் போய்ச் சேர்ந்த அலபாமா எப்படிப்பட்ட இடம்? 1963இல் இரண்டு கறுப்பின மாணவர்கள் சேர வந்தபோது, ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் ஃபாஸ்டர் அரங்கத்தின் வாசலை மறித்துக்கொண்டு நின்றாரே, அந்தப் பல்கலைக்கழகம். அந்த அரங்கம்தான் அப்போது கூடைப்பந்து அணி ஆடிய இடம் என்பது லைவில் இருந்த நிபுணர்களுக்குத் தெரியுமா?

அங்கே நியூட்டனின் முதல் சீசன் நாலு வெற்றி, இருபது தோல்வி. அடுத்த வேலை என்ன செய்தார்? 1969இல் வெண்டெல் ஹட்சனுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூட்டிவந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த விளையாட்டிலும் ஸ்காலர்ஷிப் பெற்ற முதல் கறுப்பின வீரர் ஹட்சன். 1974, 75, 76 மூன்று வருஷமும் எஸ்.இ.சி. (தென்கிழக்குப் பல்கலைக்கழக அணிகளின் லீக்) பட்டம். முதல் இரண்டும் பகிர்ந்துகொண்டவை என்று கமெண்டில் வருவீர்கள், வாருங்கள்.

இப்போது அந்த நாற்காலிக்கு வருவோம். 1989இல் டைரக்டராகக் கென்டக்கி கூப்பிட்டபோது அங்கே என்ன இருந்தது? விதிமீறல் ஊழல், கோச் ராஜினாமா, இரண்டு வருஷம் போஸ்ட்சீசன் (சீசன் முடிவில் நடக்கும் கோப்பைப் போட்டிகள்) தடை, ஒரு வருஷம் டிவி நேரலைக்குத் தடை. ஓய்வெடுக்க நினைக்கிறவர் போகிற இடமா அது? நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை அணிக்குக் கோச்சாக இருந்த ரிக் பிட்டினோவைக் கூட்டிவந்தார், 1996இல் கோப்பை. 1997இல் டப்பி ஸ்மித்தை நியமித்தார், மறுவருஷமே கோப்பை. 1966 என்.சி.ஏ.ஏ. இறுதிப் போட்டியில் வெள்ளையர்களை மட்டுமே இறக்கிய கென்டக்கியில் ஆண்கள் அணிக்கு முதல் கறுப்பினத் தலைமைக் கோச் ஸ்மித். பெண்கள் அணிக்கு 1995இலேயே பெர்னடெட் மேட்டாக்ஸ். யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்கிற வேலை சார் அது. அதைப் போய் நாற்காலி என்கிறீர்கள்.

“1997 வரை ஆண்கள் அணிக்கு ஒருவரும் இல்லை என்பதே அசிங்கம்தானே?” அசிங்கம்தான். அதை நியூட்டன் கணக்கில் எழுதுவீர்களா, அவருக்கு முன்னால் இருந்தவர்கள் கணக்கில் எழுதுவீர்களா? “பிட்டினோ பின்னால் லூயிவில் பல்கலைக்கழகத்தில் விதிமீறல் புகாரில் மாட்டினாரே?” அது லூயிவில் பாடு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் அப்பா கல்லூரி பிசிகல் டைரக்டர். கிரவுண்டில் நின்ற வரைக்கும் வாலிபால் கோச் என்று மரியாதை இருந்தது. டைரக்டர் ஆனதும், “விசில் ஊத மூச்சில்ல, ஃபேனுக்குக் கீழ உக்காந்துட்டாரு” என்று ஸ்டாஃப் ரூமில் பேசினார்கள். அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துதான் பெண்கள் அணியின் பஸ் காசுக்கும் ஷூவுக்கும் ஃபைல் மேல் ஃபைலாக எழுதினார். கையெழுத்துக்காகக் கரஸ்பாண்டென்ட் ரூம் வாசலில் மத்தியானம் முழுக்க நின்றிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் கப்போடு வந்தபோது போட்டோவில் நடுவில் யார்? கரஸ்பாண்டென்ட். அப்பாவுக்கு அந்த போட்டோவின் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

“அமெரிக்காக்காரனுக்கு வக்காலத்தா?” என்று இன்பாக்ஸில் ஏற்கெனவே ஒருவர் ஆரம்பித்துவிட்டார். ஆமாம், அப்பாவுக்கும் சேர்த்துத்தான் வக்காலத்து வாங்குகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வெண்டெல் ஹட்சனுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தது பொய்யாகிவிடுமா? ஹட்சனின் 20ஆம் எண் ஜெர்சிக்கு 2020இல் அலபாமா ஓய்வு கொடுத்தது, அந்த எண்ணை இனி யாரும் போடக் கூடாது என்று. தேடிப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம். ஸ்மைலி மட்டும் போடுகிறவர்களை பிளாக் செய்வேன்.