இன்னும் ரெண்டு சர்வர் போட்டா சரியாயிடுமாம்!

சைட் படுத்துட்டா போதும், உடனே ஒரே மந்திரம்: "லோடு பேலன்சருக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு சர்வர் போடு." (லோடு பேலன்சர்னா வர்றவங்களை சர்வர்களுக்குப் பிரிச்சு அனுப்புறது.) அடேய், இருக்கிற நாலு சர்வரும் சும்மா கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்குது. மூச்சு முட்டிக் கிடக்கிறது டேட்டாபேஸ்!

கணக்குப் போடவே மாட்டீங்களா? போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ்ல டீஃபால்ட்டா ஒரே நேரத்துல 100 கனெக்‌ஷன். அதுல 3 சூப்பர்யூசருக்கு, அதாவது அட்மினுக்கு. மிச்சம் 97. நாலு சர்வர், ஆளுக்கு 20 கனெக்‌ஷனைத் திறந்து கையில வெச்சிருக்கிற பூல், ஆக 80. அஞ்சாவதைச் சேர்த்தா 100 கேக்கும். கடைசி மூணுக்கு இடமில்லை, எர்ரர் கொட்டும். நீங்க சேர்த்த சர்வர்தான் சைட்டை சாய்ச்சது.

உடனே அடுத்த மேதை வந்து லிமிட்டை 1000 ஆக்குவார். போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி ப்ராசஸ், சாமி. எட்டு கோர் மெஷின்ல ஆயிரம் பேர் முட்டி மோதினா வேலை எங்கே நடக்கும்? நடுவுல பிஜிபவுன்சரை (கொஞ்சம் கனெக்‌ஷனைப் பல பேருக்குப் பகிர்ந்து கொடுக்கிற புரோகிராம்) டிரான்சாக்‌ஷன் மோடுல (ஒரு டிரான்சாக்‌ஷன் முடிஞ்சதும் கனெக்‌ஷன் அடுத்த ஆளுக்குப் போயிடும்) வைங்க, பின்னாடி இருபது முப்பது கனெக்‌ஷனே தாராளம். (செஷன் அளவுல செட்டிங் மாத்துற SET, டேட்டாபேஸ் அறிவிப்புக்குக் காத்திருக்கிற LISTEN எல்லாம் அந்த மோடுல உடையும். அப்புறம் வந்து அழாதீங்க.)

சர்வர் உயிரோட இருக்கான்னு லோடு பேலன்சர் கேட்டுப் பார்க்கிற ஹெல்த் செக் இன்னொரு கூத்து. அதுக்குள்ளேயே டேட்டாபேஸைத் தட்டிப் பார்க்கிற மாதிரி எழுதி வெச்சிருக்காங்க. டேட்டாபேஸ் கொஞ்சம் திணறினா எல்லா சர்வரும் ஒரே நேரத்துல ஃபெயில். லோடு பேலன்சரா இருக்கிற ஹெச்ஏப்ராக்ஸி அத்தனையையும் கழட்டிவிட்டுட்டு வர்றவங்களுக்கெல்லாம் 503 (இப்போ சேவை இல்லைங்கிற எர்ரர்) நீட்டும். மெதுவா ஓடினது மொத்தமா நின்னுடும்.

சரி, டேட்டாபேஸ் ஏன் திணறுது? யாராவது பார்த்தீங்களா? எந்த குவெரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்கிற கேள்வி) எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு கணக்கு வெச்சிருக்கிற பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸைத் திறந்து மொத்த நேரத்தை வெச்சு வரிசைப்படுத்துங்க. 3 செகண்ட் எடுக்கிற குவெரி பத்து தடவை ஓடினா 30 செகண்ட். 5 மில்லிசெகண்ட் குவெரி பத்து லட்சம் தடவை ஓடினா 5000 செகண்ட். எல்லாரும் முதல் குவெரியையே துரத்துறாங்க. ரெண்டாவது, லூப்புக்குள்ள ஒவ்வொரு ரோவுக்கும் ஒரு குவெரி போடுற கோடுக்குள்ள சுகமா ஒளிஞ்சுக்கிட்டிருக்கு.

அப்புறம், லிஸ்ட்டைப் பக்க எண் வெச்சுப் பிரிச்சுக் காட்டுற வியாதி! ஆஃப்செட் (தாண்ட வேண்டிய ரோ) 1,00,000, லிமிட் (கொடுக்க வேண்டிய ரோ) 20-ன்னா 1,00,020 ரோவைப் படிச்சு, லட்சத்தைத் தூக்கிப் போட்டுட்டு 20-ஐக் கொடுக்கும். கடைசியாப் பார்த்த ஐடிக்கு அடுத்த 20-ஐக் கேட்டா இண்டெக்ஸ் நேரா அங்கே கொண்டுபோய் விடும். மாத்த வேண்டியது குவெரியில ஒரே ஒரு WHERE கண்டிஷன். அதுக்குச் சோம்பல், ஆறாவது சர்வருக்கு மட்டும் அரை மணி நேரத்துல அப்ரூவல்!