பற்றரிக்காக டிஸ்க்கைப் பணயம் வைக்க வேண்டாம்

லப்டொப் பற்றரி இன்னும் கொஞ்சம் நின்றால் நல்லது என்று நினைக்காத ஆள் மட்டக்களப்பில் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவித்த நாட்டில் இருக்கிறோம். ஒரு வாட்டின் அருமை எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும், டிஸ்க்கின் மின்சேமிப்பை எந்த அளவில் வைத்து மெஷினை ஒருவர் கையில் கொடுப்பது என்று வந்தால், நான் பற்றரியின் பக்கம் முழுதாகச் சாய மாட்டேன்.

டிஸ்க்கில் வேலை எதுவும் நடக்காத நேரத்திலும், அதற்கும், அதை ஆளும் சிப்பான கன்ட்ரோலருக்கும் நடுவில் தரவு போய்வரும் சாட்டா (SATA) இணைப்பு ஓய்ந்திருப்பதில்லை. பேச விஷயம் இல்லாமலே போனை வைக்காமல் இரண்டு பேரும் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருப்பது போல, இரு பக்கமும் சிக்னல் போய்க்கொண்டே இருக்கும். இந்த இணைப்பைத் தூங்க விடலாம். லேசான தூக்கம் என்றால் 10 மைக்ரோ செக்கனுக்குள் எழும்ப வேண்டும். ஆழ்ந்த தூக்கம் என்றால் 10 மில்லி செக்கன் வரை எடுக்கலாம். மிச்சமாவது வயரின் மின்சாரம் மட்டுமில்லை. பல இன்டெல் லப்டொப்களில் இந்த இணைப்பு விழித்திருக்கும் வரை ப்ராசஸரும் ஆழமாகத் தூங்காது. அதனால்தான் இவ்வளவு சின்ன விஷயத்தில் ஒரு வாட் அளவுக்கு மிச்சம் வருகிறது. சும்மா திறந்து கிடக்கும்போது ஏழெட்டு வாட் இழுக்கும் மெஷினுக்கு அது பெரிய தொகை.

அப்படியென்றால் எல்லாருக்கும் ஆகக் கூடிய சேமிப்பையே வைத்துவிடலாமே? விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் இயங்குதளத்தில் 'மினிமம் பவர்' என்ற தெரிவு பல வருடமாக இருந்தது. ஆனால் சில டிஸ்க்குகளில் அது தரவைக் கெடுத்ததாக முறைப்பாடுகள் வந்தன. அதனால் அதை டிஃபோல்ட்டாக, அதாவது யாரும் மாற்றாதவரை தானாகவே இருக்கும் அமைப்பாக, வைக்க ஆட்கள் பயந்தார்கள். 2018 ஜனவரியில் வந்த 4.15 கர்னலில் (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி), ரெட் ஹெட் என்ற லினக்ஸ் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் டி கூடே (Hans de Goede) என்பவர் நடுத்தரமான ஒரு தெரிவைச் சேர்த்தார். விண்டோஸில் இன்டெலின் ட்ரைவர் வழக்கமாக வைக்கும் அதே அமைப்புத்தான் அது. அதே வருடம் மே மாதம் வந்த ஃபெடோரா 28 என்ற லினக்ஸ் பதிப்பு லப்டொப்களுக்கு அதையே டிஃபோல்ட் ஆக்கியது.

இதில் எனக்குப் பிடித்தது அந்த நியாயம். டிஸ்க் செய்கிறவர்கள் தங்கள் சரக்கை விண்டோஸ் லப்டொப்களில் போட்டுத்தான் சோதிப்பார்கள். அங்கே ஏற்கெனவே கோடிக்கணக்கான மெஷின்களில் ஓடும் அமைப்பைத் தெரிவு செய்தால், புதிதாக ஒரு ஆபத்தை யாருடைய தலையிலும் கட்டுவதில்லை. அப்படியும் சில டிஸ்க்குகள் ஒத்து வராது. க்ரூஷல் எம்.எக்ஸ்.100 வகையில் 512 ஜி.பி. டிஸ்க், எம்.யூ.01 ஃபர்ம்வேரோடு (டிஸ்க்குக்குள்ளேயே இருந்து அதை ஓட்டும் மென்பொருள்) இருந்தால், இணைப்பைத் தூங்க விடாதே என்று கர்னலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

டிஃபோல்ட் என்பது அதை ஒருநாளும் திறந்து பார்க்காத மனிதருக்காகத் தெரிவு செய்வது. எங்கள் பக்கம் அந்த மனிதர் யார்? செங்கலடியில் ஒரு டீச்சர், மூன்று தவணைப் புள்ளிகளும் அந்த ஒரே லப்டொப்பில். காத்தான்குடியில் ஒரு கடைக்காரர், கடன் கணக்கு முழுக்க அதில். பேக்கப் கிடையாது. டிஸ்க்கும் பெரும்பாலும் செக்கன்ட் ஹேண்ட், ஃபர்ம்வேர் எந்தக் காலத்ததோ. பற்றரி இருபது நிமிடம் முந்தி இறங்கினால் அவர்கள் சார்ஜரைக் குத்துவார்கள். புள்ளிப் பட்டியல் போனால் எதைக் குத்துவது?

அதற்காகச் சேமிப்பையே நிறுத்தி வை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கிழட்டுப் பற்றரியோடு இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு வாட் தேவை. லப்டொப்புக்கு நடுத்தரம் போதும். டெஸ்க்டொப்பில் தொடத் தேவையில்லை. அதுவும் ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றி மாட்டுகிற மெஷின் என்றால் வேண்டவே வேண்டாம், இணைப்பு தூங்கினால் புது டிஸ்க் வந்ததே கன்ட்ரோலருக்குத் தெரியாமல் போகும்.

மெஷின் திருத்தும் தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மட்டும் உறைகிற மெஷின் வந்தால், மெஷின் தானே எழுதி வைக்கும் பதிவில் (log) சாட்டா இணைப்பு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் தரவைப் பிரதி எடுங்கள், கேபிளைப் பாருங்கள், அப்புறம் மின்சேமிப்பை நிறுத்திவிட்டு ஒரு நாள் ஓட விடுங்கள். டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லிப் புதியதுக்குக் காசு வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.