கத்ரீனா: புயலை மட்டும் குறை சொல்லாதீர்கள்

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியதற்குக் கத்ரீனா புயலும் பலவீனமான வெள்ளத் தடுப்புக் கரைகளும்தான் காரணம் என்று, அந்தப் பேரழிவு பற்றி நான் படித்த கட்டுரை முடிக்கிறது. கரைகள் உடைந்தது உண்மை. ஆனால் அதன்பிறகு மக்கள் கைவிடப்பட்டார்களே, அதற்கு யார் பொறுப்பு?

அமெரிக்க மத்தியப் பேரிடர் முகமையின் அப்போதைய தலைவர் மைக்கேல் பிரவுன், அதற்கு முன் பல ஆண்டுகள் அரேபியக் குதிரை வளர்ப்போர் சங்கத்தில் பணியாற்றியவர். அவரை முகமைக்குள் கொண்டுவந்த அதன் முந்தைய தலைவர் ஜோ ஆல்பா, 2000 தேர்தலில் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பிரசார மேலாளர். தேர்தல் வேலைக்குப் பரிசாக உயிர்காக்கும் துறையையா கொடுப்பது? நகரின் மாநாட்டு மையத்தில் தஞ்சமடைந்த ஆயிரக்கணக்கானோர் குடிநீரின்றித் தவித்ததைத் தொலைக்காட்சி காட்டிக்கொண்டிருந்தது. பிரவுனோ செப்டம்பர் 1 அன்று, அது இன்றுதான் தெரியவந்தது என்றார். மறுநாளே அதிபர் அவரைப் பகிரங்கமாகப் பாராட்டினார்! அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. விசுவாசிக்கு அத்தனை பரிவு. கூரைமேல் உதவிக்காகக் காத்திருந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு அதில் ஒரு துளிகூட இல்லை.

பத்தே நாட்களில் பிரவுன் பதவி விலகினார். முகமைத் தலைவருக்குப் பேரிடர் மேலாண்மையில் நிரூபிக்கப்பட்ட திறனும், குறைந்தது 5 ஆண்டு நிர்வாகத் தலைமை அனுபவமும் வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2006இல்தான் சட்டம் இயற்றியது. இதையும் கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டும்.