சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்கு உழைக்கிறோமாம்

ஓப்பன் சோர்ஸுக்கு, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளும்படி வெளியிடப்படும் மென்பொருளுக்கு, நிரல் அனுப்பும் ஊழியர்களுக்கு விசுவாசம் கிடையாது என்று நேற்று ஒரு மேலாளர் எழுதியதைப் படித்திருப்பீர்கள். அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

கம்பெனி பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியில் (வெளியே யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பில்) உள்ள பிழையைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை அதை உருவாக்கிய மூலத் திட்டத்துக்கே அனுப்புவதும் கம்பெனி வேலைதான்.

என் பழைய கம்பெனியில் ஒரு தேதி லைப்ரரி, சில நாடுகளில் கடிகாரத்தைக் கோடைகால நேரத்துக்கு மாற்றும் நாளில் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டும். நான்கே வரியில் சரிசெய்தோம். வெளியே அனுப்பலாமா என்று கேட்டேன். சட்டப் பிரிவுக்குப் போன கேள்வி திரும்பி வரவே இல்லை. அதனால் எங்களுக்கென்று தனி ஃபோர்க், அதாவது நாங்களே மாற்றிப் பராமரிக்கும் தனி நகல். அப்புறம் லைப்ரரியின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் (எங்கள் மாற்றமும் புது மாற்றமும் மோதிக்கொள்வது), யாராவது ஒருவர் உட்கார்ந்து அதே நான்கு வரியை மறுபடி ஒட்டவைக்க வேண்டும், பாதுகாப்புத் திருத்தம் வந்தால்கூட உடனே ஏற்ற முடியாது. அந்த நான்கு வரியில் என்ன தொழில் ரகசியம் இருந்தது? அனுப்பியிருந்தால் மிச்சமாகியிருப்பது கம்பெனியின் நேரம்தானே!

மேலாளர்களே, வேலை நேரத்தில் எழுதியது கம்பெனி சொத்து என்பீர்கள். சரி, அதனால்தான் அனுமதி கேட்கிறோம். வாடிக்கையாளர் தரவையோ உங்கள் பொருளின் உயிரான அல்காரிதத்தையோ வெளியே போட யாரும் கேட்கவில்லை. வீட்டில் போய்ச் செய் என்பீர்கள். வேலை நேரத்துக்கு வெளியே எழுதுவதும் கம்பெனிக்கே என்று எத்தனையோ ஒப்பந்தங்களில் இருக்கிறதே, அதைப் படித்தீர்களா?

2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸீ மென்பொருளில் பின்கதவை (கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒளித்துவைத்த வழியை) கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் யார்? மைக்ரோசாஃப்ட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டினார். பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே அது பிடிபட்டது. இவருக்கும் விசுவாசம் இல்லையா?

என்னை வருத்துவது இன்னொன்று. நேர்காணலில், நாங்கள் எழுதிய ஓப்பன் சோர்ஸ் நிரல் இருக்கும் கிட்ஹப் பக்கத்தைக் கேட்கிறீர்கள். ராத்திரி கண்விழித்து, முகம் தெரியாத மெயின்டெய்னர் (திட்டத்தைப் பராமரிப்பவர்) சொன்ன திருத்தங்களையெல்லாம் செய்து, கற்றுக்கொண்ட வேலை அது. அதைப் பார்த்துத்தான் எங்களை எடுக்கிறீர்கள். சேர்ந்த மறுநாளே அது விசுவாசக் குறைவாகிவிடுகிறது! உங்கள் பொருளில் பாதி அப்படிப்பட்டவர்கள் இலவசமாகக் கொடுத்த நிரலில்தான் ஓடுகிறது. கொள்கை வேண்டுமானால் எழுதுங்கள், எதை அனுப்பலாம் எதை அனுப்பக்கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள், அதன்படி நடக்கிறோம். ஆனால் விசுவாசம் இல்லாதவர்கள் என்று சொன்னதைத் திரும்பப் பெறுங்கள்.