நீல புகை வந்தால் டர்போ போச்சு என்று அர்த்தமில்லை

"மைனஸ் 30 டிகிரி குளிரில் நீல புகை, ஆயில் கசிவு என்றால் டர்போ சீல் போய்விட்டது, டர்போவையே மாற்றுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டர்போ என்பது இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம். தயவுசெய்து அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். இந்தக் குளிரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராங்க்கேஸ் (இஞ்சினின் அடிப்பகுதிக் கூடு) பிரீதர் குழாயைத்தான், அதாவது அதற்குள் சேரும் வாயுவை வெளியே விடும் குழாயைத்தான்.

குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஆயில் முழுதாகச் சூடாவதில்லை. உள்ளே சேரும் ஈரம் பிரீதர் குழாயிலும் அந்த வாயுவைக் கட்டுப்படுத்தும் பிசிவி வால்விலும் உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும். டர்போவிலிருந்து ஆயில் தானாக வழிந்துதான் கீழே இறங்க வேண்டும். கீழே அழுத்தம் இருந்தால் இறங்காமல் சீல் வழியாக வெளியேறி, எரிந்து நீல புகையாக வரும். புதிய டர்போ போட்டாலும் இதே கதைதான்.

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) தானாக மேலே எழும்பியிருக்கிறதா பாருங்கள். ஐடிலில் (வண்டி நின்றபடி இஞ்சின் ஓடும்போது) ஆயில் மூடியைத் திறந்து, ஆயில் ஊற்றும் துளையின் மேல் ஒரு மெல்லிய ரப்பர் கையுறையை மாட்டிப் பாருங்கள். பலூன் மாதிரி உப்பினால் பெரும்பாலும் அடைப்புதான். மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். கூலண்ட் குறையாதவரை ஹெட் கேஸ்கெட் (கூலண்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் இஞ்சின் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

அடைப்பு என்று தெரிந்தால் இஞ்சினை உடனே நிறுத்துங்கள், இல்லையென்றால் கிராங்க் சீலும் போகும். சூடான கராஜில் சில மணி நேரம் விட்டுப் பனி உருகியபின் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், வால்வை மாற்றுங்கள். மறுபடி அடைக்காமலிருக்க, தயாரிப்பாளர் அனுமதித்தால் 0டபிள்யூ ஆயில் (கடும் குளிரிலும் எளிதாக ஓடுவது), பிளாக் ஹீட்டர் (இஞ்சினை முன்கூட்டியே சூடாக்கும் கருவி), அவ்வப்போது ஒரு நீண்ட ஓட்டம். இவ்வளவும் செய்த பிறகும் புகை நிற்காவிட்டால், சரி, அப்போது டர்போ ஷாஃப்ட் (உள்ளே சுழலும் தண்டு) தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள்.