பத்து நிமிட வேலையாம்!

மற்ற சர்வர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்கும் நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பழைய சர்வரிலிருந்து புதிய லினக்ஸ் சர்வருக்கு மாற்றுவது, கோப்புகளை நகலெடுத்து ஒரு கட்டளையைத் தட்டினால் முடிந்துவிடும் பத்து நிமிட வேலை என்று வாய் கூசாமல் சொல்கிறவர்களை, மூன்று இரவுகளாக நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் ஒரே ஓர் இரவு உட்கார வைக்க வேண்டும்.

பழைய சர்வரில் ஓடியது சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 32 பிட் பதிப்பு. அதன் ஆதரவு 2020 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இவ்வளவு காலம் தள்ளிப்போட்டது என் தவறுதான். நாகியோஸின் அமைப்புக் கோப்புகள் வெறும் உரை என்பதால் சிக்கலின்றி வந்து சேர்ந்தன. ஆனால் பல ஆண்டு வரைபடங்களுக்கான அளவீடுகளைச் சுமந்த ஆர்ஆர்டி என்ற தரவுக் கோப்புகளைப் புதிய 64 பிட் சர்வர் ஏற்க மறுத்தது. ஒவ்வொன்றையும் பழைய சர்வரில் எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவத்துக்கு மாற்றி, புதியதில் மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது பிழைச் செய்திதான். கண்காணிக்க வேண்டிய சர்வர்கள் அனைத்துக்கும் 'எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக்கை முடிக்க இயலவில்லை', அதாவது பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் ஆரம்பப் பரிமாற்றம் முடியவில்லை என்ற ஒரே செய்தி வந்ததால், சான்றிதழ், குறியாக்க முறை, ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பு என்று விடிய விடியத் துருவினேன். உண்மையில், அந்தச் சர்வர்களில் ஓடி நாகியோஸின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் என்ஆர்பிஇ என்ற துணை நிரலின் அனுமதிப் பட்டியலில் பழைய ஐபி முகவரி மட்டுமே இருந்தது. அதனால் 5666ஆம் போர்ட்டுக்குப் புதிய முகவரியிலிருந்து வந்த இணைப்பை ஹேண்ட்ஷேக் தொடங்கும் முன்பே அது துண்டித்துவிட்டது. இந்த முகவரிக்கு அனுமதி இல்லை என்பதைத் தன் சர்வரின் பதிவேட்டில் மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, கேட்ட என்னிடம் வேறு கதை சொல்வது என்ன நியாயம்?

பிறகு எஸ்இலினக்ஸ், எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கு. கையால் இயக்கினால் ஒழுங்காக ஓடிய செருகுநிரல், அதாவது சோதனையைச் செய்யும் சிறு நிரல், நாகியோஸ் அழைத்தால் மட்டும் அனுமதி இல்லை என்றது. ஹோம் கோப்புறையிலிருந்து அதை நகர்த்தியபோது எஸ்இலினக்ஸ் பார்க்கும் பழைய லேபிளும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பழைய சர்வரில் எஸ்இலினக்ஸை யாரோ எப்போதோ அணைத்து வைத்திருந்ததால் இந்தச் சிக்கலையே நான் பார்த்ததில்லை.

ஒருவழியாகத் திரை முழுவதும் பச்சையானதும் படுக்கச் சென்றேன். மறுநாள் தரவுத்தள சர்வரின் வட்டு நிரம்பி எல்லாம் நின்றபோது, அதை எனக்குத் தெரிவித்தவர் கோபத்தோடு தொலைபேசியில் அழைத்த ஒரு பயனர். திரையில் சிவப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அறிவிப்பு எழுப்பியதாகப் பதிவேட்டிலும் வரி இருந்தது. அதை மின்னஞ்சலாக அனுப்ப வேண்டிய 'மெயில்' கட்டளையை மட்டும் புதிய சர்வரில் யாரும் நிறுவியிருக்கவில்லை. அந்த யாரும் நான்தான் என்பதால், திட்டித் தீர்க்கக்கூட ஆளில்லை.